திண்மத்தைக் கணிப்பொறிக்குக் கற்பித்தவர்



ஒன்பதாம் வகுப்பில் கன உருவங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு மாணவியாவது எழுந்து இப்படிக் கேட்பதுண்டு: "முனைகளையும் விளிம்புகளையும் முகங்களையும் எண்ணி, கூட்டிக் கழித்து, விடை இரண்டு என்று வந்தால் யாருக்கு என்ன லாபம், டீச்சர்?" கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக ஒரு மனிதரின் வேலையை இங்கே விளக்க எண்ணுகிறேன். அவர் பெயர் இயன் பிரெய்ட். இங்கிலாந்து நாட்டவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, ஒரு திண்மப் பொருள் என்றால் என்ன என்பதைக் கணிப்பொறிக்குப் புரியும்படி சொல்லிக்கொடுத்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர். இன்று நாம் கையாளும் மிக்சி மூடி, பேனா, சைக்கிள் பெடல் முதலிய பல பொருள்கள் கணிப்பொறித் திரையில்தான் முதலில் உருப்பெறுகின்றன. அப்படி உருப்பெறும்போது உள்ளே நின்று வேலை செய்யும் கணக்குகளில் பல, அவரும் அவருடைய தோழர்களும் வகுத்த வழியில் வந்தவை.

"திண்மம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமா? கண்ணால் பார்த்தால் தெரியாதா?" என்பீர்கள். நமக்குத் தெரியும். கணிப்பொறிக்குக் கண் இல்லை, கையும் இல்லை. எண்கள் மட்டுமே உண்டு.

மார்கழியில் நம் வீடுகளில் கட்டும் நட்சத்திரக் கூட்டை நினைத்துப் பாருங்கள். முதலில் மூங்கில் குச்சிகளை நூலால் இணைத்துச் சட்டம் கட்டுகிறோம். பிறகு வண்ணத்தாள் ஒட்டுகிறோம். 1960-களில் கணிப்பொறித் திரையில் வரைந்த கன உருவங்கள் பெரும்பாலும் தாள் ஒட்டாத குச்சிச் சட்டங்களே. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு கோடு, அங்கிருந்து இன்னொன்றுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிலையத்தைச் சேர்ந்த ஐவன் சதர்லாந்து, 1963-ல் ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்ற அமைப்பைச் செய்து காட்டினார். அது பெரிய சாதனைதான். ஆனால் கோடுகளின் கூட்டம் திண்மம் ஆகிவிடாது.

ஏன் ஆகாது? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். குச்சிகளால் ஒரு பெரிய கனசதுரச் சட்டம் கட்டுங்கள். அதன் நடுவில் ஒரு சிறிய கனசதுரச் சட்டத்தை வைத்து, சிறியதன் ஒவ்வொரு மூலையையும் பெரியதில் அதற்கு நேரான மூலையோடு ஒரு குச்சியால் இணையுங்கள். மொத்தம் 32 குச்சிகள். இப்போது, "இது நடுவில் சுரங்கம் குடைந்த ஒரு மரக்கட்டை" என்று சொல்கிறேன். சுரங்கம் எந்தப் பக்கம் போகிறது? முன்னிருந்து பின்னா, இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா? மூன்றும் பொருந்தும்! ஒரே சட்டம் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறது. தச்சரிடம் இந்தப் படத்தைக் கொடுத்தால் திகைப்பார். மூளை இல்லாத யந்திரத்திடம் கொடுத்தால் திகைக்காமல் தவறாக வெட்டிவிடும். அதுதான் ஆபத்து. இரும்புக்கட்டையை யந்திரம் கடைந்து முடித்த பிறகு தவறு தெரிந்து என்ன பயன்?

1960-களின் நடுவில் எம்.ஐ.டி.யில் பணியாற்றித் திரும்பிய சார்ல்ஸ் லாங் என்பவர், கேம்பிரிட்ஜில் கணிப்பொறி வழி வடிவமைப்புக்கென்று ஓர் ஆராய்ச்சிக் குழுவை நடத்தி வந்தார். பேராசிரியர் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் இருந்த கணிப்பொறிக் கூடம் அது. கார், விமானம் ஆகியவற்றின் வளைந்த பரப்புகளை அழகாக விவரிக்கும் கணிதம் அன்று பலரையும் கவர்ந்திருந்தது. பிரெய்ட் எடுத்துக்கொண்டதோ கண்ணைக் கவராத பொருள்கள்: துளையிட்ட தகடுகள், தாங்கிகள், எஞ்சினின் சிறு உறுப்புகள். தொழிற்சாலையில் எண்ணிக்கையில் மிகுதியானவை இவைதாம். பெருமைக்கு மயங்காமல் தேவையை நோக்கியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவருடைய அமைப்புக்குப் 'பில்ட்' என்று பெயர். குழந்தை கட்டைகளை அடுக்கி வீடு கட்டுவது போலவே அதன் முறையும். கனசதுரம், ஆப்பு, உருளை போன்ற சில எளிய கட்டைகளை முதலில் கொடுத்துவிடுகிறோம். வேண்டிய அளவுக்கு அவற்றை நீட்டியும் சுருக்கியும் திருப்பியும் வைக்கலாம். பிறகு இரண்டு கட்டைகளைச் சேர்க்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கலாம். இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதை எங்கோ படித்தது போல இருக்கிறதல்லவா? ஆம், கணங்களின் சேர்ப்பு, வித்தியாசம், வெட்டு ஆகியவைதான். அங்கே எண்களின் கணம். இங்கே ஒரு பொருளுக்குள் அடங்கும் புள்ளிகளின் கணம்.

இந்தச் செயல்களை ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞரின் பெயரால் 'பூலியன்' செயல்கள் என்பர். அவருக்கு ஐந்து பெண்மக்கள். அவர்களுள் அலிசியா பூல் ஸ்டாட் கல்லூரிப் படிப்பே இல்லாமல், நான்கு பரிமாணத்தில் அமையக்கூடிய ஒழுங்கான திண்மங்களைத் தாமே சிந்தித்துக் கண்டு, அவற்றின் குறுக்குவெட்டுகளை அட்டையில் செய்து காட்டினார். 1914-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. கன உருவம் பெண்களுக்கு வராது என்று யாரேனும் சொன்னால் இவர் பெயரைச் சொல்லுங்கள். நம் கதைக்கு வருவோம்.

கழித்தல் என்று சொல்வது எளிது. யந்திரம் அதை எப்படிச் செய்கிறது? ஒரு சோப்புக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஊடே உருண்டையான பென்சிலைச் செருகுவதாகக் கருதுங்கள். முதலில் சோப்பின் ஒவ்வொரு முகமும் பென்சிலின் ஒவ்வொரு முகத்தை எங்கே வெட்டுகிறது என்று கணக்கிட வேண்டும். மேல்முகத்தில் ஒரு வட்டம், கீழ்முகத்தில் ஒரு வட்டம் கிடைக்கின்றன. இந்த வட்டங்கள் முகங்களைத் துண்டுகளாகப் பிரிக்கின்றன. அடுத்து ஒவ்வொரு துண்டையும் பார்த்து, "நீ மற்ற பொருளுக்கு உள்ளே இருக்கிறாயா, வெளியே இருக்கிறாயா?" என்று கேட்க வேண்டும். சோப்பின் மேல்முகத்தில் வட்டத்துக்குள் அடங்கிய துண்டு பென்சிலுக்குள் இருக்கிறது; அதைத் தூக்கி எறி. வெளியே உள்ளதை வைத்துக்கொள். பென்சிலில், சோப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளை எறி. உள்ளே இருக்கும் பகுதியை எறியாதே! அதை உள்ளும் புறமும் மாற்றித் திருப்பு. அதுவே துளையின் சுவர். சோப்பில் உள்ள துளையின் சுவர் உண்மையில் பென்சிலின் தோல்தான். முதன்முறை இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

உள்ளே, வெளியே என்பதை அறியவும் ஒரு தந்திரம் உண்டு. ஒரு புள்ளியிலிருந்து ஏதாவது ஒரு திசையில் முடிவில்லாத நேர்கோடு ஒன்றை விடுங்கள். அது பொருளின் மேற்பரப்பை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் புள்ளி உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே. வீட்டுக்குள் இருப்பவள் வெளியே போக வாசலை ஒருமுறை கடந்தால் போதும். தெருவில் இருப்பவள் வீட்டுக்குள் புகுந்து மறுபடி தெருவுக்கு வர இருமுறை கடக்க வேண்டும். அவ்வளவே.

இனி, இரண்டு என்ற விடையால் யாருக்கு லாபம் என்ற கேள்வி. 1750-ல் பெர்லினில் இருந்த கணித மேதை ஆய்லர், தம் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறித்தார். முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் இரண்டு. கனசதுரத்துக்கு 8 கழித்தல் 12 கூட்டல் 6. சரியாக இரண்டு. பிரெய்டின் முறையில் கணிப்பொறி தன் நினைவில் வைத்திருப்பது இதே முனை, விளிம்பு, முகங்களின் பட்டியலைத்தான். எந்த விளிம்பு எந்த இரு முகங்களுக்கு நடுவே உள்ளது, எந்த முனைகளில் முடிகிறது என்று எல்லா உறவுகளும் அதில் இருக்கும். வெட்டிச் சேர்க்கும்போது எங்கேனும் ஒரு முகம் விடுபட்டால் பொருளில் ஓட்டை விழும். தண்ணீர் ஒழுகும் குடம் போல ஆகிவிடும். அப்படிப்பட்ட 'பொருளுக்கு' எடை கணக்கிட முடியாது. அதை வார்க்கவும் முடியாது. ஆய்லரின் வாய்பாடு இங்கே காவல்காரனாக நிற்கிறது. எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் எங்கோ பிசகு என்று அர்த்தம். பொருந்தியது என்பதற்காக எல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது; ஆனாலும் பெரும் உதவி. அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் புரூஸ் பாம்கார்ட் என்பவர், இந்தச் சமன்பாடு ஒருபோதும் கெடாதபடி முனையையும் விளிம்பையும் சேர்க்கும் சிறு சிறு செயல்களை வகுத்தார். பிரெய்டும் ஹில்யார்ட், ஸ்ட்ரௌட் என்ற இரு தோழர்களும் 1978-ல் அதே வழியில் திண்மங்களைப் படிப்படியாகக் கட்டும் முறையைச் செம்மைப்படுத்தினர்.

துளையுள்ள பொருளுக்கும் இரண்டு வருமா? இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாக வாருங்கள். சுவரில் மாட்டும் சதுரமான போட்டோச் சட்டம் ஒன்று, நடுவில் சதுரத் துளையோடு. முனைகள், வெளியே 8, துளையில் 8, ஆக 16. விளிம்புகள் 24. முகங்கள், வெளியே 6, துளையின் சுவர்கள் 4, ஆக 10. 16 கழித்தல் 24 கூட்டல் 10: விடை 2! துளையே இல்லாதது போல அல்லவா வாய்பாடு பேசுகிறது? ஏமாந்துவிடக் கூடாது. முன்முகமும் பின்முகமும் நடுவில் வெற்றிடமுள்ள வளைய முகங்கள். அத்தகைய முகத்துக்கு வெளி எல்லை ஒன்று, உள் எல்லை ஒன்று. உள் எல்லைகளைத் தனியே எண்ணிக் கழிக்க வேண்டும். இங்கே இரண்டு உள் எல்லைகள். 2 கழித்தல் 2, பூஜ்யம். ஊடுருவும் துளை ஒன்றுள்ள பொருளுக்கு வர வேண்டிய விடை அதுதான். ஒவ்வொரு துளைக்கும் விடை இரண்டிரண்டாகக் குறையும். பாடப்புத்தகத்தில் துளையில்லாத உருவங்களை மட்டும் காட்டுவதால் இந்தச் சுவை நமக்குக் கிட்டாமல் போகிறது.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்றும் உண்டு. கணிப்பொறி எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களோடு நிறுத்திவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கை அது முழுமையாக எழுத முடியாது. அப்படியானால் இரண்டு முகங்கள் ஒட்டியிருக்கின்றனவா, மயிரிழை விலகியிருக்கின்றனவா என்பதை எப்படித் தீர்ப்பது? ஓரிடத்தில் ஒட்டியிருக்கிறது என்றும், இன்னோரிடத்தில் விலகியிருக்கிறது என்றும் அது முடிவு செய்தால் பொருளே குலைந்துவிடும். எனவே இவ்வளவு நெருக்கம் இருந்தால் ஒன்றே எனக் கொள்க என்று ஓர் அளவை முன்கூட்டி நிர்ணயிக்கிறார்கள். பின்னாளில் வந்த 'பாராசாலிட்' என்ற தொகுப்பில் பொருள் ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். அதில் ஒரு மீட்டரின் பத்துக்கோடியில் ஒரு பங்கு வரை வேறுபாடு பார்க்கப்படும். இந்த ஒரு சிக்கலுக்காகவே பொறியாளர்கள் ஐம்பதாண்டுகளாக உழைத்து வருகிறார்கள். இன்னும் முற்றாகத் தீரவில்லை.

1973-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் நடந்த 'புரோலமாட்' மாநாட்டில் பிரெய்டும் லாங்கும் தங்கள் முறையை எடுத்துரைத்தார்கள். அதே மாநாட்டில் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோரியோ ஒகினோவும் தம்முடைய 'டிப்ஸ்' என்ற அமைப்பை முன்வைத்தார். ஒருவர் வேலையை ஒருவர் பார்க்காமலே உலகின் இரு கோடிகளில் இருவர் ஒரே நோக்கத்தை எட்டியிருந்தனர். வழிதான் வேறு. ஒகினோவின் வழி சமையல் குறிப்பைப் பத்திரப்படுத்துவது போன்றது: இந்தக் கட்டையோடு அதைச் சேர், இதைக் கழி என்ற குறிப்பே பொருளாக நிற்கும். அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் வோல்க்கரும் ரெக்கிச்சாவும் இந்த வழிக்குத் திடமான கணித அடிப்படை அமைத்தனர். பிரெய்டின் வழியோ சமைத்து முடித்த பதார்த்தத்தையே எடுத்து வைப்பது. குறிப்பு சுருக்கமானது, அதில் தவறும் நுழையாது. ஆனால் "இந்த விளிம்பை மட்டும் கொஞ்சம் மழுக்கு" என்று கேட்டால் குறிப்பில் அந்த விளிம்பு ஏது? பதார்த்தத்தில் இருக்கிறது. தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பிரெய்டின் வழி நிலைத்ததற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பது என் கருத்து. இன்றைய அமைப்புகள் பல, செய்த படிகளின் குறிப்பையும் கூடவே வைத்துக்கொள்கின்றன.

1974-ல் பிரெய்ட், லாங், ஆலன் கிரேயர், பீட்டர் வீன்மன் ஆகிய நால்வரும் 'ஷேப் டேட்டா' என்ற சிறு நிறுவனத்தைக் கேம்பிரிட்ஜில் தொடங்கினர். கிரேயரைப் பற்றி ஒரு வார்த்தை. திண்மத்தின் விவரம் கையில் இருந்தால், அதைக் கடையும் யந்திரத்தின் வெட்டுக்கருவி எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதையும் கணிப்பொறியே கண்டுபிடிக்கலாம் என்று காட்டியவர் அவர். வரைபடத்துக்கும் பட்டறைக்கும் நடுவே பாலம் போட்டவர். 1978-ல் இந்த நிறுவனத்திலிருந்து 'ரோமுலஸ்' வெளிவந்தது. தனியொரு கருவியாக அன்றி, மற்ற நிறுவனங்கள் தங்கள் கருவிகளுக்குள் வைத்துக்கொள்ளும் உள்ளீடாக அது அமைந்தது. தேங்காயின் பருப்பு போல. ஓட்டையும் நாரையும் அவரவர் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். அதன் வழித்தோன்றலே 1980-களின் இறுதியில் வந்த பாராசாலிட்.

இதற்குள் பிரெய்ட், கிரேயர், லாங் மூவரும் அங்கிருந்து விலகி, 1986-ல் 'திரீ-ஸ்பேஸ்' என்ற வேறொரு நிறுவனத்தை ஏற்படுத்தியிருந்தார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள 'ஸ்பேஷியல்' நிறுவனத்துக்காக அவர்கள் மீண்டும் முதலிலிருந்து எழுதியதே 1989-ல் வெளிவந்த 'ஏசிஸ்'. பெயரின் முதல் மூன்று எழுத்துகள் ஆலன், சார்ல்ஸ், இயன் என்ற மூவரின் பெயர்களிலிருந்து வந்தவை. ஒரே காரியத்தை ஒருவர் பில்ட், ரோமுலஸ், ஏசிஸ் என மூன்று முறை முதலிலிருந்து செய்வது அரிது. ஒவ்வொரு முறையும் முன்னதில் கற்றதை வைத்துத் திருத்தமாகச் செய்தார்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்கைத் திரும்பப் போடச் சொன்னாலே முகம் சுளிக்கும் சிலரை நான் அறிவேன், பெயர் சொல்லவில்லை!

பாராசாலிட் கை மாறிக் கை மாறி 2007 முதல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்திடம் உள்ளது. ஏசிஸ் 2000-ல் பிரான்சின் தஸ்ஸோ சிஸ்டம்ஸ் வசமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், தஸ்ஸோ நிறுவனம் விற்கும் 'சாலிட்வொர்க்ஸ்' என்ற புகழ்பெற்ற கருவி தன் வீட்டு ஏசிஸை விட்டுவிட்டுப் போட்டியாளரான சீமென்ஸின் பாராசாலிட்டைக் கொண்டே இயங்குகிறது. பங்காளி வீடுகள் இரண்டு; மூலவர்கள் ஒருவரே. 2008-ல் திண்ம வடிவமைப்புச் சங்கம் பிரெய்ட், கிரேயர், லாங் மூவருக்கும் பெசியர் விருது அளித்தது. இருந்தும் அவர்கள் பெயரை அந்தக் கருவிகளைத் தினமும் கையாளுவோரில் எத்தனை பேர் அறிவர்?

பெயர் அறியப்படாத இன்னொரு கூட்டத்தையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. கணிப்பொறிக்கு முந்தைய பிரிட்டனில், கப்பல் கட்டும் தளங்களிலும் எஞ்சின் தொழிற்சாலைகளிலும் ஆண்கள் பென்சிலால் வரைந்த படங்களை, மெழுகிட்ட துணிமேல் கறுப்பு மையால் படியெடுப்பதற்கென்று பலர் இருந்தனர். டிரேசர்கள் என்று பெயர். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒரு கோடு பிசகினால் கப்பலில் ஒரு தகடு பிசகும் என்ற நிலையில் கை நடுங்காமல் வரைந்தவர்கள். ஆனால் படத்தை வடிவமைக்கும் பலகைக்கு அவர்களில் மிகச் சிலரே முன்னேற முடிந்தது. நகலெடுக்கும் முறைகள் வளர்ந்தபோது அவர்களது வேலை குறைந்தது. கணிப்பொறி வந்ததும் அறவே மறைந்தது. அந்தக் கைத்திறனை இழந்தது இழப்பே. அதே கணிப்பொறியின் முன் இன்று ஒரு பெண் அமர்ந்தால், பிறர் வரைந்ததைப் படியெடுக்க அல்ல, தானே வடிவமைக்கத்தான் அமர்கிறாள். ஒரு தட்டில் அது, மறு தட்டில் இது; நிறுத்துப் பாருங்கள்.

விடுமுறைக்கு ஒரு கணக்கு. இரண்டு படங்கள் வைக்கும் சட்டம், இரண்டு சதுரத் துளைகளோடு. முனை, விளிம்பு, முகம், உள் எல்லை நான்கையும் எண்ணி எழுதி வாருங்கள். விடை கழித்தல் 2 என்று வரவேண்டும். வராவிட்டால் வளைய முகங்களை மறுபடி எண்ணுங்கள்.